லினக்ஸுக்குக் குரல் வந்த வரலாறு

இலங்கையின் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து நீலகிரிக் கூடலூரில் இருக்கும் உறவுக்காரருக்கு ஆண்ட்ராய்ட் ஃபோனில் வட்ஸ்அப் அழைப்பு போகிறது. பேசுகிறவரின் குரலை மைக்கிலிருந்து வாங்கி உள்ளே கொடுப்பது லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் உள்ள ‘ஆல்சா’ என்ற பகுதி. ஃபோனை நினைத்து அதை யாரும் எழுதவில்லை. கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒலியட்டையை லினக்ஸ் கணினியில் முழுதாகப் பயன்படுத்த முடியவில்லை என்பதற்காக, யாரோஸ்லாவ் கைசெலா என்ற செக் நாட்டு நிரலாளர் 1998 வாக்கில் கையில் எடுத்த வேலை அது. இன்று கோடிக்கணக்கான ஃபோன்களின் அடியில் அது ஓடுகிறது. ஆனால் எந்த மேசைக் கணினிக்காக அது பிறந்ததோ, அந்தக் கணினியில் ஒரு வீடியோ அழைப்பைத் தடங்கலில்லாமல் பேசி முடிக்க இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

அந்தத் தாமதத்தின் கனம் தோட்டத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பதுளை நகருக்கு மேலே, நமுனுகுல மலைச் சரிவில் கிடக்கும் ஸ்பிரிங்வெளி முதலில் கோப்பித் தோட்டம். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்த பிறகு தேயிலை வந்தது. ரயில் பதுளையைத் தொட்டது 1924-ல். தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்தது. விடியலில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு அழைக்கும் தப்பும், பிற்காலத்தில் ரேடியோவும்தான் லயத்துக்கு எட்டிய ஒலிகள். இரண்டும் ஒருவழிப் பாதை. கேட்கலாம், மறுமொழி சொல்ல முடியாது.

மறுமொழி சொல்ல வேண்டிய தேவை 1964-க்குப் பிறகு பெருகியது. அந்த ஆண்டு அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் இராமேசுவரம் போனவர்கள் பலர். நீலகிரியில் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1968-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய டேன்டீ தேயிலைத் தோட்டங்களால் கூடலூரும் கோத்தகிரியும் அவர்களுக்குப் புதிய ஊர்களாயின. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பல வீடுகளில் கடிதமும் மரணத் தந்தியும் மட்டுமே உறவைத் தாங்கின. உடன்பிறந்தவரின் குரலைப் பத்து இருபது வருடம் கேட்காமலே இருந்தவர்கள் மலையகத்தில் ஏராளம். 2005-ஐ ஒட்டிக் கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசிகள் பரவியபோதுதான் லயத்துக்குள்ளேயே மணி அடித்தது. அதற்குள் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மாரும், கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளும் பிரிந்தவர்களோடு சேர்ந்திருந்தார்கள்.

அதே காலத்தில் அரசாங்கம் ‘நெனசல’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழில் அதற்கு அறிவகம் என்று பெயர். கோயில், பன்சலை, நூலகம், கிராமக் கட்டடம் என்று கிடைத்த இடத்தில் நாலைந்து கணினியும் இணையமும் வைத்தார்கள். கணினி இருந்தால் கடல் கடந்து பேசலாம், முகமும் பார்க்கலாம் என்ற செய்தி ஊருக்கு ஊர் போனது. திருட்டு சிடியில் விண்டோஸ் எல்லாக் கடையிலும் கிடைத்த காலம் அது. ஆனால் நன்கொடைப் பணத்தில் நடக்கும் பாடசாலையோ அரச திட்டமோ திருட்டுப் பிரதியை நம்பி இருக்க முடியாது. கொழும்பு அலுவலகங்களில் கழித்துவிட்ட கணினிகளுக்கு உரிமப் பணம் கட்டுவதும் கட்டுப்படியாகாது. அங்கேதான் இலவசமான, திறந்த லினக்ஸ் பொருந்தியது. இலங்கையில் அதை அறிந்தவர்களும் இருந்தார்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு காணாமல் போனோர் விவரங்களையும் முகாம்களையும் கையாளக் கொழும்பில் எழுதப்பட்ட ‘சஹானா’ உலகம் முழுக்கப் பேசப்பட்ட திறந்த மென்பொருள். பேராதனைக்குப் பக்கத்து மலையின் பெயரைச் சூடிய ‘ஹந்தானை லினக்ஸ்’, ஃபெடோராவை அடியாக வைத்து இலங்கையர் உருவாக்கிய இயங்குதளம்.

எழுத, கணக்குப் போட, இணையம் பார்க்க அது போதும். பேசத்தான் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு 1992-க்குப் போக வேண்டும். லினக்ஸுக்கு ஒரு வயது. ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டையை இயக்கும் டிரைவர் ஒன்றை எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஓஎஸ்எஸ்’ எனும் முதல் ஒலி அமைப்பு. ஒலியட்டையை ஒரு கோப்பு போலத் திறந்து, எழுதினால் ஒலிக்கும், படித்தால் பதிவாகும். அழகான எளிமை. அந்நாளில் ரெட்ஹாட் லினக்ஸை நிறுவி, ஒலியை அமைக்கும் ‘சவுண்ட்கான்ஃபிக்’கை ஓட்டினால், லினஸ் டோர்வால்ட்ஸ் தம் பெயரையும் லினக்ஸின் பெயரையும் உச்சரிக்கும் சிறு ஒலித்துண்டு கேட்கும். அது கேட்டுவிட்டால் அட்டை வேலை செய்கிறது என்று பொருள்.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. பெரும்பாலான அட்டைகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் அந்தக் கோப்பைத் திறக்க முடியும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அழைப்பின் மணி கேட்காது. அழைப்பு திறந்திருந்தால் உலாவியில் சத்தம் இருக்காது. ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைச்செய்தி அந்தத் தலைமுறை லினக்ஸ்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இதைத் தீர்க்க க்னோம் மேசைத்தளம் ‘ஈசவுண்ட்’ என்றும் கேடிஈ ‘ஆர்ட்ஸ்’ என்றும் ஆளுக்கொரு ஒலிப் பரிமாறியை நடுவில் வைத்தன. ஒன்று ஓடினால் மற்றது ஊமை. சில நூறு மில்லிநொடிக்குள் குரல் போய்த் திரும்ப வேண்டிய அழைப்புக்கு இரண்டுமே தோதில்லை.

கைசெலாவின் ஆல்சா 2002-ல் கெர்னலின் வளர்ச்சிப் பதிப்பில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் எல்லோருக்கும் கிடைத்தது. அட்டையின் ஒவ்வொரு மைக், ஒவ்வொரு துளை, ஒவ்வொரு ஒலியளவையும் அது வெளிக்காட்டியது. அதுவே புதுப் பயனருக்குச் சுமையும் ஆனது. ‘ஆல்சாமிக்ஸர்’ என்ற கறுப்புத் திரையில் வரிசை வரிசையாகக் கம்பிகள் நிற்கும். எந்தக் கம்பியின் கீழ் ‘எம்எம்’ என்று இருக்கிறதோ அது அடைபட்டிருக்கிறது. ‘எம்’ விசையைத் தட்டினால் திறக்கும். ‘கேப்சர்’ என்று பெயரிட்ட கம்பியைத் தூக்காவிட்டால் உங்கள் குரல் எதிர்முனைக்குப் போகாது. மைக் கெட்டுவிட்டது என்று புதிய ஹெட்செட் வாங்கியவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இந்த ஒரு தட்டல்.

நடுவில் உட்கார்ந்து எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து கொடுக்கும் வேலையை ஜெர்மனியின் லெனார்ட் போய்ட்டரிங் 2004-ல் எடுத்துக்கொண்டார். அதுதான் ‘பல்ஸ்ஆடியோ’. 2007 நவம்பரில் ஃபெடோரா 8 அதை இயல்பாக்கியது. 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04. அந்த ஓராண்டு பெரும் கூச்சல். ஒலி விக்கியது, வெடித்தது, காணாமல் போனது. பல்ஸ்ஆடியோ ஆல்சா டிரைவர்களிடம் நேரத்தைத் துல்லியமாகக் கேட்டது. அதுவரை யாரும் கேட்காததால் மறைந்து கிடந்த டிரைவர்ப் பிழைகள் ஒரேயடியாக வெளியே வந்தன. பழி முழுவதும் பல்ஸ்ஆடியோ மேல் விழுந்தது நியாயமில்லை என்பதே இன்று திரும்பிப் பார்த்தால் தோன்றுவது. அது ஊன்றிய பிறகுதான் அழைப்பின் நடுவே ஹெட்செட்டைச் செருகினால் குரல் தானாக அங்கே மாறியது. ஃபெடோராவை அடியாகக் கொண்ட ஹந்தானை போன்றவையும் இந்த நடுவரைக் கூடவே பெற்றன.

முகம் தெரிய இன்னொரு போராட்டம் நடந்தது. ஒலியின் கதையை விட மனிதர்கள் நிறைந்த கதை அது.

2000-க்குப் பிறகு கடைகளில் மலிந்த யூஎஸ்பி வெப்கேம்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசின. தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்கு ஒரு சிடி கொடுப்பார்கள். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். பிலிப்ஸ் வெப்கேம்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிய, நெமோசாஃப்ட் என்ற புனைபெயர்க்காரர் பிலிப்ஸோடு இரகசிய ஒப்பந்தம் செய்திருந்தார். அதனால் பெரிய படத்தை விரித்துக் காட்டும் பகுதியை மூலநிரல் இல்லாமல் தனியாகத்தான் தர முடிந்தது. அப்படிப்பட்ட மூடிய துண்டுக்கென்று கெர்னலில் வாசல் வைப்பதில்லை என்று 2004 ஆகஸ்டில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் அந்த இணைப்பை எடுத்துவிட்டார். நெமோசாஃப்ட் கோபத்தில் டிரைவரையே திரும்பப் பெற்றுக்கொண்டார். புதிய கெர்னலுக்கு மாறிய பிலிப்ஸ் கேமராக்காரர்கள் முகமிழந்தார்கள். மூடிய துண்டைப் பிரித்து ஆராய்ந்து, திறந்த வடிவில் எழுதிக் கொடுத்து அதை மீட்டவர் லூக் சயார்.

இன்னொருவர் மிஷேல் சார். பிரான்சில் மருத்துவர். தம் சொந்த நேரத்தில் கேமரா கேமராவாக வாங்கி, இரவல் பெற்று, அவை அனுப்பும் தரவைக் கவனித்து எழுதிய அவருடைய ‘ஜீஎஸ்பிசிஏ’ டிரைவர் 2007 அளவில் 235 வகை வெப்கேம்களை இயக்கியது. பெயரில்லாத மலிவுக் கேமராக்களும் அவற்றில் அடக்கம். பணமில்லாதவர் வாங்கும் பொருளுக்காக ஒரு மருத்துவர் உழைத்தார் என்பதை லினக்ஸ் வரலாற்றில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

ஒருவரே எத்தனை கேமராவுக்கு எழுத முடியும்? தீர்வு ஒரு பொது விதியாக வந்தது. யூஎஸ்பி கேமரா எல்லாம் ஒரே பாஷை பேசட்டும் என்ற ‘யூவிசி’ ஒழுங்கு 2003-ல் வெளியானது. அதற்கு லினக்ஸ் டிரைவரை லோரான் பாஞ்சார் எழுத, 2008 ஜூலையில் கெர்னல் 2.6.26-ல் சேர்ந்தது. அதன் பிறகு ஒரே டிரைவர் போதும், செருகினால் படம். ஹான்ஸ் டி குட் எழுதிய ஒரு சிறு நூலகம் பழைய கேமராக்களின் விநோதப் பட வடிவங்களை நிரல்களுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுத்தது. ஸ்கைப்பைத் திறக்குமுன் அந்த நூலகத்தை முன்னாலேயே ஏற்றச் சொல்லும் ஒரு நீண்ட கட்டளையைக் காகிதத்தில் எழுதி வைத்துத் தட்டியவர்கள் அநேகர்.

இந்தக் கதை முழுவதிலும் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. பொது விதி திறந்து கிடந்த இடத்தில் மலிவுக் கணினியும் பேசியது. கம்பனி இரகசியம் வைத்த இடத்தில், யாராவது அதைப் பிரித்து ஆராய்ந்து எழுதும்வரை அது ஊமையாகவே இருந்தது. அந்த வருடங்களின் இழப்பு விலை கொடுத்து வாங்க முடிந்தவர்களுக்கு இல்லை.

அழைப்பு நிரல்களின் வரலாறும் அப்படித்தான். பெல்ஜியத்தில் மாணவராயிருந்த தமியன் சான்ட்ராஸ் பட்டப்படிப்பு ஆய்வுக்கென எழுதிய ‘க்னோம்மீட்டிங்’, 2006-ல் ‘எகிகா’ என்று பெயர் மாறி உபுண்டுவில் கூடவே வந்தது. திறந்த நெறிமுறை, திறந்த நிரல். ஆனால் எதிர்முனையில் இருந்தவர்கள் ஸ்கைப்பில் இருந்தார்கள். தோஹாவிலோ ரொறன்ரோவிலோ இருப்பவரிடம் எகிகா நிறுவச் சொல்ல முடியுமா? விண்டோஸ் ஸ்கைப்பில் 2005 இறுதியில் வந்த வீடியோ, லினக்ஸ் ஸ்கைப்பில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது. 2014-ல் வந்த 4.3 பதிப்பு பல்ஸ்ஆடியோ இல்லாமல் பேசவே பேசாது. அந்த ஸ்கைப்பே 2025 மே 5-ல் மூடப்பட்டது.

சிக்கலின் முடிச்சை அவிழ்த்தது உலாவி. 2011-ல் கூகுள் ‘வெப்ஆர்டிசி’யைத் திறந்த மூலமாக வெளியிட்டது. எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, பிணையம் தளரும்போது சமாளிக்கும் உத்தி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. 2013 பிப்ரவரியில் குரோமிலிருந்து ஃபயர்ஃபாக்ஸுக்கு முதல் அழைப்பு போனது. குரலைச் சுருக்கும் ‘ஓபஸ்’ 2012 செப்டம்பரில் தரமானது. ழான்-மார்க் வலான், ஸ்கைப்பின் கூன் வோஸ், திமோதி டெரிபெர்ரி மூவரும் முன்னின்று செய்தது. நொடிக்கு 6 கிலோபிட் கிடைத்தாலும் பேச்சை விளங்கவைக்கும். மலை மறைத்த சிக்னலில் வாழ்கிறவர்களுக்கு அந்த எண் சிறிதல்ல. இயங்குதளம் எதுவானாலும் உலாவி ஒன்றே என்றானதால், லினக்ஸுக்குத் தனி நிரல் தருவார்களா என்று காத்திருக்கும் காலம் முடிந்தது.

2009-ல் இலங்கையின் சில கிராமப் பாடசாலைகளுக்கு உலக வங்கி உதவியில் வந்த எக்ஸ்ஓ பச்சை மடிக்கணினிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஃபெடோராவில் ஓடிய அந்தச் சிறு கணினியில் மைக்கும் கேமராவும் உடலோடு சேர்ந்திருந்தன. கேமராவின் டிரைவரை எழுதியவர் லினக்ஸ் உலகின் இதழாசிரியர் ஜோனதன் கோர்பெட். கேமரா இயங்கினால் விளக்கு எரியும்படி வன்பொருளிலேயே அமைத்திருந்தார்கள். கடலுக்கு அக்கரையில் 2011 முதல் தமிழ்நாட்டு அரசுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. இரு கரையின் பிள்ளைகளுக்கும் லினக்ஸ் கைக்கெட்டியது. சேர்த்துப் பேசவைக்கும் இணையந்தான் மலைக்கு ஏறவில்லை.

2020 மார்ச் 13-ல் கொரோனாத் தொற்றால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. பதுளையில் 2005-ல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் மற்றப் பல்கலைக்கழகங்களும் ‘லேர்ன்’ என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக ஸூமில் வகுப்பு நடத்தின. அந்த வழியில் நுழைந்தால் மாணவருக்கு டேட்டாக் கட்டணம் இல்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் இணங்கின. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. பதுளை மாவட்டத்து லுணுகலையில் காட்டுக்குள் மலையுச்சி மரத்தில் கட்டிய குடிலுக்குப் பெரியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சிக்னல் பிடித்த செய்தி 2021-ல் உலகெங்கும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தவை ஃபோன்கள்.

மேசையில் லினக்ஸ் வைத்திருந்த ஆசிரியர்களுக்கு வேறு தொல்லைகள். புதிய ‘வேலண்ட்’ திரையமைப்பில் பாடத்தைப் பகிர்ந்தால் மாணவருக்குக் கறுப்புத் திரை தெரியும். வெளியேறி, பழைய ‘எக்ஸ்ஆர்க்’ தேர்ந்து, மறுபடி நுழைய வேண்டும். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கும், மைக்கைத் திறந்த கணமே குரல் பழைய தொலைபேசி போல் மங்கிவிடும்.

முதலாவதற்கு முழுதாகவும் இரண்டாவதற்கு ஓரளவும் மருந்து ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. பெல்ஜியத்தின் விம் டேமன்ஸ் 2015-ல் வீடியோவுக்கென்று தொடங்கிய வேலை, 2017-ல் ‘பைப்வயர்’ என்று பெயர் பெற்று ஒலியையும் ஏற்றுக்கொண்டது. பல்ஸ்ஆடியோவுக்கு எழுதிய நிரல்களுக்குத் தான்தான் பல்ஸ்ஆடியோ என்று அது காட்டிக்கொள்ளும். இசைக்கலைஞர்களின் ‘ஜாக்’ நிரல்களுக்கு ஜாக் என்று காட்டிக்கொள்ளும். திரைப் பகிர்வும் கேமராவும் அதன் வழியே அனுமதி கேட்டுப் போகும். 2008-ன் கூச்சல் இம்முறை எழாததற்கு இந்த நிதானமே காரணம். 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10, 2023 ஜூனில் டெபியன் 12-ன் க்னோம் என்று அது படிப்படியாக ஊன்றியது. 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது.

2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத கணினிகள் கைமாறி மலையகத்துக்கும் வரும். அவற்றை வாங்கும் பாடசாலை ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும்: பேசுவதைப் பொறுத்தவரை லினக்ஸில் பழைய மடிக்கணினி புதியதை விடப் பல நேரம் நல்லது. பழையதில் கேமரா உள்ளே யூஎஸ்பியில் இணைந்திருக்கும். யூவிசி டிரைவர் அதை உடனே அறியும். 2020-க்குப் பிறகு வந்த இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில் கேமரா செயலிக்குள்ளேயே இருக்கும் ‘ஐபியூ6’ என்ற படப் பகுதியோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. அதைப் பேசவைக்க, அதே லோரான் பாஞ்சார் 2018-ல் தொடங்கிய ‘லிப்கேமரா’ திட்டத்தில் இன்னும் வேலை நடக்கிறது. புதியவற்றின் மைக்குக்கு ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ பொதியும் சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றைத் துளையுள்ள மடிக்கணினிக்கு, பச்சையும் இளஞ்சிவப்புமாக இரண்டு முனை உள்ள பழைய ஹெட்செட் நேராகப் பொருந்தாது. இணைப்பி வேண்டும். கணினியை விலைபேசும் முன் லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய், நிறுவாமலே அதிலிருந்து கணினியைக் கிளப்பி, பத்து நொடி பேசிப் பதிந்து கேட்டு, கேமராவைத் திறந்து பார்த்துவிடலாம்.